துளையிட்ட கையும் காத்த கையும்: வாதனாளித் துளைச் சிகிச்சையில் தாதியர் உழைப்பு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கத்தியேந்திய கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சத்திரசிகிச்சையொன்றை முதலில் நிகழ்த்தியவரின் பெயரும் ஆண்டும் நிலைபெறுகின்றன. சிகிச்சை பெற்றவரை அதன்பின் இரவுபகலாகக் காத்தோரின் உழைப்போ பதிவுபெறுவதில்லை. கழுத்தின் முன்புறத்தில் வாதனாளியைத் துளைத்து, குழாய் பொருத்திச் சுவாசத்துக்கு வழிசெய்யும் சிகிச்சையின் வரலாற்றை இக்கண்ணோட்டத்தில் நோக்குவோம்.

தொண்டை அடைப்பான் நோயினால் மூச்சுத்திணறிய சிறுமியொருத்தியை 1825இல் பிரான்சிய மருத்துவர் பிரெத்தொனோ இம்முறையாற் காப்பாற்றினார். அவரது மாணவர் துரூசோ ஏறத்தாழ 200 பேருக்கு இதனைச் செய்தார். பிழைத்தோர் நாலிலொரு பங்கினரே. பிற்பராமரிப்பின் இன்றியமையாமையை உணர்ந்த துரூசோ, ஒன்றனுள் ஒன்றமைந்த இரட்டைக்குழாயைப் பயன்படுத்தினார். உட்செல்லும் காற்று ஈரமும் வெம்மையும் பெறக் கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி அணிவிக்குமாறும் வலியுறுத்தினார்.

இதன் காரணம் எளிது. துளையிடச் சில நிமிடங்கள் போதும். துளையைத் திறந்த நிலையில் வைத்திருக்க நாட்களும் வாரங்களும் வேண்டும். மூக்கைத் தவிர்த்துச் செல்லும் காற்று வறண்டது. சளி இறுகிக் குழாயை அடைக்கும். உட்குழாயைக் கழற்றிக் கழுவி மீளப் பொருத்தல், சில வினாடிகளுக்கு மேற்படாது சளியை உறிஞ்சியெடுத்தல், கட்டுநாடா தளராது காத்தல், மாற்றுக்குழாயைப் படுக்கையருகே ஆயத்தமாக வைத்திருத்தல் ஆகிய யாவும் பெரும்பாலும் தாதியின் பொறுப்பாயின. நோயாளியோ குரலெழுப்பி உதவி கோர இயலாதவர். அவரது கண்ணையும் மூச்சொலியையும் வாசிக்கும் பயிற்சியே அவருக்குக் குரலாகிறது.

1952இல் கோப்பன்ஹேகன் நகரைத் தாக்கிய இளம்பிள்ளைவாதம் இவ்வுண்மையைப் பேரளவில் நிறுவியது. பிலெக்தம் வைத்தியசாலையில், முதல் மூன்று வாரங்களிற் செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்ட 31 பேருள் 27 பேர் மாண்டனர். அங்கு தலைமை மருத்துவராயிருந்த லாசன், மயக்கமருந்து நிபுணர் இப்சனின் ஆலோசனையை நாடினார். ஓகஸ்ட் 27ஆம் திகதி பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் வாதனாளியிற் குழாய் பொருத்தி, பையொன்றைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினார் இப்சன். அவள் பிழைத்தாள். தொடர்ந்து ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்துப் பைகளை அமுக்கினர். இறப்புவீதம் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. இப்சனின் பெயரும் மாணவரின் அர்ப்பணிப்பும் முறையாகவே போற்றப்படுகின்றன. எனினும், அப்படுக்கைகளருகே சளியை அகற்றி, உடலைப் புரட்டி, நோயாளரைக் கண்காணித்த தாதியர் அக்கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

1953 டிசம்பரில் அதே நகரின் வேறொரு வைத்தியசாலையில் இப்சன் நிறுவிய பிரிவு, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியெனக் கருதப்படுகிறது. இடையறாத தாதியர் கண்காணிப்பே அதன் அடித்தளமாகும். ஆயினும் மூளையுழைப்பை உயர்த்திக் கையுழைப்பைத் தாழ்த்தும் வர்க்க சமுதாயம், பெண்களே பெரும்பான்மையினராயுள்ள இத்தொழிலை ‘சேவை’ எனப் புகழ்ந்து, அதன் அறிவுக் கூற்றை மறைத்து வந்துள்ளது. தியாகமெனப் போற்றப்படுவதற்கு உரிய ஊதியமும் முறையான பயிற்சியும் அவசியமெனப்படுவதில்லை.

இம்மறைப்பின் விலையை நோயாளரே செலுத்துகின்றனர். ஐக்கிய இராச்சியத்தில் 2014இல் வெளியான தேசிய ஆய்வறிக்கையொன்று, குழாய் அடைபடுதலையும் இடம்பெயர்தலையும் எதிர்கொள்ளும் பயிற்சி, பராமரிப்பிலீடுபடும் ஊழியருக்கு அளிக்கப்படவேண்டுமெனப் பரிந்துரைத்தது. துரூசோவின் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இதனை வலியுறுத்த வேண்டியிருந்தமை சிந்தனைக்குரியது.

பயிற்சி மட்டும் போதுமென நாம் கூறவில்லை. இரவில் ஒரு தாதியிடம் பல நோயாளரை ஒப்படைக்கும் நிர்வாகம், அவர் கற்றதைப் பயனற்றதாக்குகிறது. ஆகவே பயிற்சி, ஆளணி, ஊதியம் என்னும் மூன்றும் ஒரே கோரிக்கையின் கூறுகளாம். துளையிட்ட கையை நினைவிற் கொண்ட வரலாறு, காத்த கையையும் எழுதக் கற்கவேண்டும்.