குவாக்கமோலே

குவாக்கமோலே ஸ்பானியச் சொல் அல்ல. ஸ்பானியர் அதைத் தம் நாவுக்கு ஏற்பத் திரித்தவர்கள், அவ்வளவே. மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் 'ஆவகாட்ல்' என்றால் அந்தப் பழம். 'மோல்லி' என்றால் இடித்தோ அரைத்தோ கூட்டுவது. இரண்டும் சேர்ந்து 'ஆவகாமோல்லி'. நமது பேச்சில் ஆனைக்கொய்யாச் சம்பல் என்றால் விளக்கம் முடிந்தது. சீனியும் பாலும் விட்டு அடித்துக் குடித்து வளர்ந்த நமக்கு, அதில் உப்பும் உறைப்பும் பாரிஸ் குசினிகளில்தான் அறிமுகம்.

ஒரு 'சுவையான' செய்தியை இங்கே அடிக்கடி வாசிக்கிறோம்: அஸ்தெக்குகள் பழத்துக்கு ஆணின் விதையின் பெயரை வைத்தார்களாம். விஷயம் மறுவளம். 1571இல் வெளிவந்த அலொன்சோ தே மொலினா பாதிரியாரின் அகராதி முதலில் பழத்தைச் சொல்லி, பிறகுதான் மற்றதைச் சொல்கிறது. தமிழில் 'விதை' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதானே. தோற்றவர்களின் மொழியைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் எல்லோருக்கும் சிரிப்பு முந்துகிறதோ?

1521இல் தெனோச்தித்லான் நகரம் வீழ்ந்தது. பெருங்கோவிலின் கற்களைக் கொண்டே தேவாலயம் எழுப்பினார்கள். மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவை. வெங்காயம், கொத்தமல்லி, தேசிக்காய் எல்லாம் ஸ்பானியரோடு கடல் கடந்து வந்தவை. இன்று நாங்கள் பிசைவது அந்தக் கலப்பைத்தான். ஆனால் பெயர் போகவில்லை. வென்றவன் சாப்பிட உட்கார்ந்தபோது, சமைத்தவளிடம்தான் பெயரைக் கேட்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படி நடக்கவில்லை. 1619இல் அதைப் பிடித்த போர்த்துக்கேயர் நமது அடுக்களைக்கே 'குசினி' என்று பெயர் விட்டுப் போனார்கள்.

ஸ்பானியர் சிலரின் வாயில் ஆவகாட்ல், வழக்கறிஞரைக் குறிக்கும் அவர்களது சொல்லின் சாயலைப் பெற்றது. பிரெஞ்சில் அது 'அவொக்கா'. அகதி வழக்குக்காகக் கடன்பட்டு நாம் தேடிப்போகும் அவொக்காவும், இரவு பதினொரு மணிக்கு நாங்கள் தோலுரிக்கும் அவொக்காவும் எழுத்தில் ஒன்றே.

ஆங்கிலத்தில் இதற்கு 'அலிகேட்டர் பெயார்' என்றும் பெயர் உண்டு, முதலைப் பேரிக்காய். அது சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' ஆயிற்று. சிங்களத்தில் அலி என்றால் யானைகள், பேர என்றால் கொய்யா. நமது ஆனைக்கொய்யா இதன் மொழிபெயர்ப்பாகவே நமக்குப் படுகிறது. முதலையை யானையாக்கியதில் இரண்டு இனத்துக்கும் பங்குண்டு. பேச்சுவார்த்தை எதுவும் வைக்காமல் நடந்த காரியம்.

நாவாட்ல் இறந்த மொழியுமல்ல. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மெக்சிகோவில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பேசினர். பியுப்லா மாநிலத்திலிருந்து நியூயோர்க்குக்குப் போனவர்களிடையேயும் அதைப் பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களிலும் நம்மைப்போலக் குசினியில் நிற்பவர்கள் உண்டு. மேசைகளில் இருப்பவர்கள் மெனுவைப் பார்த்து ஸ்பானியச் சாயலில் 'குவாக்கமோலே' கேட்பார்கள். உள்ளே அதைப் பிசைகிறவன் வீட்டில் அந்தப் பழத்துக்குச் சொல்வது பழைய பெயரைத்தான்.