ஃப்ளைவீலின் எடை: கிளட்ச் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

தினமும் ஓட்டும் காருக்கு எடை குறைந்த ஃப்ளைவீல் போடலாமா? கார் ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. "போடு, வண்டி பறக்கும்" என்பார் ஒருவர். "தொடாதே, சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் ஆகும்" என்பார் இன்னொருவர். அந்த எடை முதலில் எதற்காக அங்கே வந்தது என்று பார்த்தால் இருவர் சொல்வதிலும் எது உண்மை என்று புரியும்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியிலிருந்து தொடங்குவோம். ஒரே சிலிண்டர், 954 சிசி, நிமிடத்துக்கு 400 சுற்று, முக்கால் குதிரைத்திறன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. மிச்ச மூன்று ஸ்ட்ரோக்கையும் யார் தள்ளுவது? வண்டியின் பின்புறம் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் அந்தப் பெரிய இரும்புச் சக்கரம்தான். எஞ்சினைக் கிளப்புவதும் அதைக் கையால் சுழற்றித்தான். செங்குத்தாக வைத்தால் சுழலும் வேகத்தில் ஸ்டியரிங்கைப் பாதிக்குமோ என்ற பயத்தில்தான் பென்ஸ் அதைப் படுக்க வைத்தார்.

அந்த வண்டியில் கிளட்ச் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தோல் பெல்ட்டைச் சும்மா சுற்றும் கப்பியிலிருந்து பிடிப்புள்ள கப்பிக்குத் தள்ளினால் வண்டி நகரும். நம்ம ஊர் மாவு மில்லில் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடு.

அடுத்து வந்தது கோன் கிளட்ச். ஃப்ளைவீலின் உள்பக்கம் புனல் மாதிரிக் குழிந்திருக்கும். தோல் போர்த்திய ஒரு கூம்பு அதற்குள் போய் உட்காரும். தோல் காய்ந்துவிட்டால் வெடுக்கென்று பிடித்து வண்டி குதிக்கும். அப்போது ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் கூடிவிட்டால் வழுக்கும். அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் தூவுவார்கள். அது வேறொன்றுமில்லை, முகத்துக்குப் பூசுகிறோமே, அந்த முல்தானி மட்டிதான்! இந்தக் கூம்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கனமாக இருந்ததால் கிளட்சை மிதித்த பிறகும் கியர்பாக்ஸ் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும், கியர் மாற்றுவது பெரும்பாடு.

தோலுக்கு மாற்று தந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897இல் குதிரை வண்டிகளுக்கான பிரேக் கட்டையில் தொடங்கியவர். ஃபெரோடோ என்ற பெயர் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கும், சீராகப் பிடிக்கும், மலிவு. தட்டு வடிவக் கிளட்ச் உலகம் முழுக்கப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் ஓட்டுநர்கள் அல்ல. ராச்டேல் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் இறந்தபோது அவருக்கு 33 வயது. அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வில்லியம் குக், அந்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். நிறுவனம் இழப்பீடு தர மறுத்துவிட்டது. தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் 1931இல் வந்தன. பிரிட்டனில் முழுத் தடை வர 1999 ஆயிற்று. பழைய வண்டியின் கிளட்சைக் கழற்றும்போது காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சரி, எடைக்கு வருவோம். சிலிண்டர்கள் கூடக் கூட வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தது, அவ்வளவு கனமான சக்கரம் தேவைப்படவில்லை. அதைச் செதுக்கினால் என்ன கிடைக்கும்? கூடுதல் குதிரைத்திறன் எதுவும் கிடைக்காது. எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவழிப்பது குறையும், அவ்வளவுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 28 செ.மீ. விட்டமுள்ள 8 கிலோ தட்டை அதே வடிவில் 4 கிலோ ஆக்கினால், ஒரு சாதாரணச் சிறிய காரின் முதல் கியரில் வண்டியின் எடையில் சுமார் 85 கிலோ குறைத்ததற்குச் சமம். ஐந்தாவது கியரிலோ நாலரை கிலோகூட இல்லை! கியர் விகிதத்தின் வர்க்கத்தில் அது மாறுவதுதான் காரணம். ஆக, ஹைவேயில் ஒன்றும் தெரியாது.

முதல் கியரில் லாபம் என்றால் நகரத்துக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நின்ற வண்டியை நகர்த்தும்போது கைகொடுப்பதும் அதே சேமிப்புதான். பாதி எடை, பாதிச் சேமிப்பு. அதை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரைக் கூட மிதித்து, கிளட்சை அதிக நேரம் தேய்க்க விடுவோம். நெரிசலில் தேய்வது கிளட்ச் பிளேட்.

அதனால் என் கருத்து இது. தினசரி வண்டியில் கொஞ்சம்தான் குறைக்க வேண்டும், அதையும் விளிம்பில். ஆர்கானிக் லைனிங் முழுவட்டமாக உள்ள, நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட் போதும். பிடிப்பு எஞ்சினின் டார்க்கைவிடச் சற்றுக் கூட இருந்தால் சரி. செராமிக் துண்டுகள் வைத்த ரேஸ் பிளேட் அந்தக் காய்ந்த தோல் கூம்பு மாதிரியே வெடுக்கென்று பிடிக்கும், முல்தானி மட்டி தூவியெல்லாம் சமாளிக்க முடியாது! வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து மெலிதாக்குவது வேண்டவே வேண்டாம். அதிவேகத்தில் அது உடைந்தால் சிதறுவது உங்கள் காலுக்குப் பக்கத்தில். எஃகில் கடைந்த ஃப்ளைவீல் வாங்குங்கள்.

1980களின் நடுவில் வந்த இரட்டை நிறை ஃப்ளைவீல் உள்ள டீசல் வண்டியா? அதை அப்படியே விடுங்கள். இரு தட்டுகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங்தான் எஞ்சினின் உதறலை கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கிறது. எடுத்துவிட்டால் ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் கடகடக்கும். இப்போது புகை விதிகளுக்காக நான்கு சிலிண்டரை மூன்றாகக் குறைக்கிறார்கள். வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது. பென்ஸ் படுக்க வைத்த அந்த எடைக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது.