ரெப்பின்: தூரிகையும் இரத்தமும்
அத்தியாயம் 9: நான்கு நாள் வெளிச்சம்

சென்ற வாரம் ஒரு குண்டுச் சத்தத்தோடு நிறுத்தியிருந்தோம்.

1881 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க்கில் கேதரின் கால்வாய்க் கரையோரம் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரின் வண்டி வருகிறது. முதல் குண்டு வண்டியைச் சேதப்படுத்தியது. ஜாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உடனே அங்கிருந்து கிளம்பியிருந்தால் ரஷ்யாவின் கதையே வேறாகியிருக்கும். ஆனால் கீழே இறங்கி, அடிபட்டவர்களைப் பார்க்க நடந்தார். இரண்டாவது குண்டு அவர் காலடியிலேயே வெடித்தது. அன்று மாலைக்குள் குளிர்கால அரண்மனையில் அவர் உயிர் பிரிந்தது.

(அன்றைய ரஷ்ய நாட்காட்டி நம்முடையதைவிட 12 நாள் பின்தங்கியது. இந்தத் தொடரில் ரஷ்யத் தேதிகளையே தருகிறேன்.)

அதே நாளில், அதே நகரத்தில், ஊர் ஊராகச் சென்று கண்காட்சி வைக்கும் ஓவியர் சங்கத்தின் புதிய கண்காட்சி தொடங்கியது. அதில் வசீலி சூரிகவ் வரைந்த பிரம்மாண்டமான படம் ஒன்று: மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் தூக்கு மரங்களுக்குக் காத்திருக்கும் கலகப் படைவீரர்கள். சுவரில் தூக்கு மரம், தெருவில் இரத்தம். கண்காட்சிக்காக மாஸ்கோவிலிருந்து வந்திருந்த இலியா ரெப்பினுக்கு அப்போது வயது 36.

மறுநாள் காலை நகரமே கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. ரெப்பின் வண்ணங்களையும் ஒரு சிறிய கேன்வாஸையும் எடுத்துக்கொண்டு நிக்கலாயெவ் இராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார்.

மோதெஸ்த் முசோர்க்ஸ்கி. ‘போரிஸ் கதுனோவ்’ என்ற இசை நாடகத்தைப் படைத்தவர். இறந்துபோன நண்பர் விக்தர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த நடையையே பியானோவில் வாசிக்கும்படி எழுதியவர். பரம்பரை நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. இளமையில் ஜாரின் காவற்படை அதிகாரி. இசைக்காக 1858-ல் படையை உதறினார். பிறகு குமாஸ்தா வேலை, கடன், குடி. 1880 தொடக்கத்தில் அந்த வேலையும் போயிற்று. 1881 பிப்ரவரியில் வலிப்பு அடுத்தடுத்து வர, நண்பர்கள் பதறிப்போனார்கள்.

கையில் காசில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடமோ இராணுவ மருத்துவமனை; அங்கே வெளியாருக்கு இடம் கிடையாது. மருத்துவர் லெவ் பெர்தென்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். முசோர்க்ஸ்கியைத் தன்னுடைய கூலி ஏவலாள் என்று பதிவேட்டில் எழுதவைத்தார். எனக்கு இந்த ஒரு வரியைத் தாண்டி எளிதில் போக முடிவதில்லை. ஒரு காலத்தில் சீருடையில் மினுங்கிய காவற்படை அதிகாரி, ரஷ்ய இசையின் மாபெரும் மேதை, சாவதற்கு ஒரு கட்டில் வேண்டி டாக்டர் வீட்டு வேலைக்காரன் என்ற பெயரில் படுத்திருக்கிறார். பெர்தென்சன் செய்தது பேருபகாரம். அந்தப் பொய்யால்தான் முசோர்க்ஸ்கிக்கு விசாலமான, வெளிச்சமான அறை கிடைத்தது. ரெப்பினுக்கு நான்கு நாள் கிடைத்தது.

இருவருக்கும் பொது நண்பர் விமர்சகர் விளாதிமிர் ஸ்தாசவ். நேரம் அதிகமில்லை என்பது அவருக்குத் தெரியும். சிகிச்சையில் முசோர்க்ஸ்கியின் உடம்பு கொஞ்சம் தேறியிருந்த இடைவெளி அது. குடியை மருத்துவர்கள் அடியோடு நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

படத்தை நிறுத்தத் தாங்குசட்டம்கூட இல்லை. முசோர்க்ஸ்கி மருத்துவமனை நாற்காலியில் உட்கார, அவருக்கு முன்னாலிருந்த சிறிய மேசையிலேயே எப்படியோ இடம்பிடித்துக்கொண்டு ரெப்பின் வரையத் தொடங்கினார். மார்ச் 2, 3, 4, 5. நான்கே அமர்வுகள். வெயில் நன்றாக அடித்தது. தூரிகையைக் கீழே வைத்த இடைவேளைகளில் இருவரும் செய்தித்தாள் படித்தார்கள். எந்தத் தாளைப் பிரித்தாலும் அதே ஒரு பயங்கரச் சேதிதான்.

இப்போது அந்தப் படத்தின் அருகே போவோம்.

முதலில் தலைமுடி. வாரப்படாமல் கலைந்து, கொத்துக்கொத்தாக நிற்கிறது. தாடியும் அப்படியே. மூக்கு சிவந்திருக்கிறது; குடி எழுதிய சிவப்பு. உருவப்படம் வரைகிற எவரும் அதைச் சற்று மங்கலாக்கியிருப்பார்கள். ரெப்பின் மங்கலாக்கவில்லை. பூவேலை செய்த சட்டை கழுத்தருகே திறந்து கிடக்கிறது. மேலே பச்சை அங்கி, அதன் மடிப்பில் கருஞ்சிவப்பு. அந்தக் கருஞ்சிவப்பும் மூக்கின் சிவப்பும் ஒன்றையொன்று கூப்பிடுவதைக் கவனியுங்கள். பின்னால் நாற்காலி இல்லை, கட்டில் இல்லை, மருந்துக் குப்பி இல்லை. வெறும் வெளிறிய சுவர் வெளிச்சம்.

பிறகு கண்கள். அவை நம்மைப் பார்க்கவில்லை. ஓரமாக, எதையோ கேட்டபடி இருக்கின்றன. ஈரமும் தெளிவுமாக, வெளிர் நிறத்தில், உடம்பில் நடக்கும் அழிவுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத இரண்டு கண்கள். இந்த மனிதர் மேல் நமக்குப் பரிதாபம் வருவதற்குள் அந்தக் கண்கள் தடுத்துவிடுகின்றன. ‘வோல்கா படகு இழுப்போர்’ படத்தில் கந்தல் உடுத்திய கனினின் முகத்தில் ஓர் அறிஞரின் களையைக் கண்டாரே, அதே ரெப்பின்தான் இங்கும். நான் பார்த்த அளவில் ரஷ்ய உருவப்படங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

ஐந்தாம் தேதி ரெப்பின் தூரிகையைக் கழுவினார். இன்னொரு அமர்வு வேண்டும் என்று நினைத்திருந்தார். அது நடக்கவில்லை. பின்னாளில் ரெப்பின் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, மருத்துவமனைப் பணியாள் ஒருவர், நோயாளியின் விசேஷ நாள் என்று மனமிரங்கி, பிராந்தி வாங்கிக் கொடுத்துவிட்டார். மார்ச் 16 விடியற்காலையில் முசோர்க்ஸ்கி இறந்தார். வயது 42.

மாஸ்கோ ஜவுளி வணிகர் பாவெல் த்ரெத்யாகவ் அந்தப் படத்தை 400 ரூபிளுக்கு வாங்கினார். ரெப்பின் அதில் ஒரு கோபெக்கைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நண்பரின் கல்லறையில் நினைவுச் சின்னம் எழுப்ப அப்படியே கொடுத்துவிட்டார். படம் கண்காட்சிக்கு வந்தபோது ரெப்பினின் ஆசான் இவான் கிராம்ஸ்காய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்துக்கு நேர் எதிரே, முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்தார். நீண்ட நேரம் எழுந்திருக்கவே இல்லை. உருவப்படத்தில் கரைகண்ட கை அது. அந்த நான்கு நாளில் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

இங்கேதான் ஒரு வதந்தி முளைக்கிறது.

எழுத்தாளர் பீசெம்ஸ்கியை ரெப்பின் 1880-ல் வரைந்தார். 1881 ஜனவரியில் அவர் இறந்தார். மார்ச்சில் முசோர்க்ஸ்கி. அதே 1881-ன் மே மாதத்தில் அறுவை மருத்துவ மேதை பிரகோவை வரைந்தார். நவம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். ரெப்பின் வரைந்தால் ஆள் தங்கமாட்டார் என்று பேச்சு பரவியது.

இதற்கு விளக்கம் எளிது. ரஷ்யாவின் பெரிய மனிதர்கள் மறைவதற்குள் அவர்கள் முகங்களையெல்லாம் சேர்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு த்ரெத்யாகவுக்கு இருந்தது. வயோதிகர்களிடமும் நோயாளிகளிடமும் ஓவியர்களை விரட்டி அனுப்பியவர் அவர். சாவு நெருங்கியதால் ரெப்பின் போனார். ரெப்பின் போனதால் சாவு வரவில்லை. 1887-ல் அவர் வரைந்த தல்ஸ்தோய் அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் வதந்திக்குக் கணக்கு எதற்கு?

ரெப்பின் மாஸ்கோ திரும்பினார். குண்டு வைத்த குழுவில் ஐந்து பேரை ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். நாடெங்கும் இரத்த வாடை. ஒரு நாள் மாலை, கச்சேரி ஒன்றில் ரீம்ஸ்கி-கோர்சகவின் இசையைக் கேட்டார். அதில் ‘பழி’ என்றொரு பகுதி. அந்த இசை கிளப்பிய கொந்தளிப்பை வண்ணத்தில் கொண்டுவர முடியுமா? மண்டைக்குள் ஒரு காட்சி உருத் திரண்டது: பெற்ற மகனைத் தன் கைத்தடியால் அடித்து வீழ்த்திவிட்டு, பீறிடும் இரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு கதறும் ஜார் இவான்.

தந்தையின் முகத்துக்கு ஆட்கள் கிடைத்தார்கள். மகனின் முகம்தான் சிக்கல். அடித்தவனையே மன்னித்தபடி சாகிற முகம் வேண்டும். அப்படி ஒரு முகத்தைப் பீட்டர்ஸ்பர்க்கில் ரெப்பின் பார்த்தார். கரிய தாடி, பெரிய கண்கள், இமைக்குள்ளேயே தேங்கிய துக்கம். சிறுகதை எழுத்தாளர் வ்சேவலத் கார்ஷின். முப்பதைத் தொடாத இளைஞர்.

அந்தப் படத்தை மக்கள் கண்ணில் காட்டக்கூடாது என்று 1885-ல் ஜாரின் உத்தரவு வரும். 28 ஆண்டுகள் கழித்து ஒருவன் கத்தியோடு அதன்மேல் பாய்வான். அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊர் பேசிய வதந்தி மட்டும் இருந்தது. சாகிற இளவரசனாக எனக்கு முன் உட்கார முடியுமா என்று ரெப்பின் கேட்டார்.

கார்ஷின் சரி என்றார்.

(தொடரும்)