தேக்கடி ஏரியில நிக்கிற பட்ட மரங்கள்

களை எடுப்பு முடிஞ்சு ரெண்டு நாள் ஓய்வு கிடைச்சதால இதை எழுதுறேன்.

என் அக்கா மகன் சென்னையில வேலை பார்க்கிறான். பெரிய கேமரா ஒண்ணு வாங்கியிருக்கான். 2017 கோடையில வந்தப்ப, "மாமா, தேக்கடி போகணும், கூட வாங்க"ன்னான். எங்க கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதை ஏறினா தேக்கடிதான். காலையில முதல் படகுல போனோம். ஏரி நல்லா வத்திக் கிடந்தது. தண்ணிக்கு நடுவுல கறுப்பு கறுப்பா பட்ட மரங்கள், ஒவ்வொண்ணுலயும் நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காயப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. பனி வேற. மாப்ள இருநூறு படத்துக்கு மேல எடுத்திருப்பான். "இந்த மாதிரி சீன் எங்கயுமே கிடைக்காது மாமா"ன்னு ஒரே சந்தோசம்.

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அவ்வளவு மரம் வெளிய தெரிஞ்சா எங்க ஊர்ல அந்த வருசம் நாத்துப் பாவ முடியாதுன்னு அர்த்தம்.

அந்த மரங்களோட கதையைச் சொல்றேன். அது ஏரியில முளைச்ச மரம் இல்ல. ஏரி வர்றதுக்கு முன்னாடி அங்க காடு இருந்துச்சு. பெரியாறு அந்தக் காட்டுக்குள்ள ஓடி மேற்கே அரபிக்கடல்ல போய் விழுந்துச்சு. மலைக்கு இந்தப் பக்கம் நாங்க மழை மறைவுப் பகுதி. வைகை பாதி வருசம் மணலாத்தான் கிடக்கும். 1876-ல வந்த தாது வருசப் பஞ்சத்தைப் பத்தி எங்க ஊர்க் கிழவிங்க சொன்னதை நானே கேட்டிருக்கேன், அவங்களும் அவங்க பாட்டிகிட்ட கேட்டதுதான். அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் மேற்கே போற தண்ணியைக் கிழக்கே திருப்புற பழைய யோசனை வேகம் பிடிச்சுது. அதுக்கு முன்னாடியே, 1808-ல, கேப்டன் கால்டுவெல்னு ஒரு அதிகாரி வந்து பார்த்துட்டு இது நடக்காத காரியம்னு எழுதிட்டுப் போயிருந்தார்.

1886 அக்டோபர் 29-ல சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் குத்தகை ஒப்பந்தம் போட்டாங்க. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருசம் 5 ரூபா, 999 வருசத்துக்கு. அடுத்த வருசம் கர்னல் பென்னி குயிக் வேலையை ஆரம்பிச்சார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையில கட்டின அணை. கட்டக் கட்ட வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. யானை, பாம்பு, அட்டை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளைக் கொன்னது காய்ச்சல்தான். செத்தவங்களை அங்கயே புதைச்சாங்க, அணைக்குப் பக்கத்துல அந்தக் கல்லறைகள் இன்னைக்கும் இருக்கு. அடிவாரத்திலிருந்து மேல சுண்ணாம்பு கொண்டுபோன வண்டிகள்ல ஒண்ணு என் தாத்தாவோட அப்பா ஓட்டினதுன்னு தாத்தா சொல்வார். அவர் பேர் எந்தக் கல்லுலயும் இல்ல.

பென்னி குயிக் தன் சொத்தை வித்து அணை கட்டினார்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்வாங்க. கட்டினது அரசாங்கப் பணத்துலதான்னு நான் சொன்னா டீக்கடையில சண்டைக்கு வருவாங்க. எங்க வீட்லயும் அவர் படம் மாட்டியிருக்கேன், ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கலும் வைக்கிறோம். எட்டு வருசம் அந்தக் காட்டுல கிடந்து வேலையை முடிச்சாரே, எனக்கு அது போதும்.

1895 அக்டோபர் 10-ல கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வச்சார். தண்ணி ஏற ஏறப் பள்ளத்துல இருந்த காடு முழுக்க முங்குச்சு. மூழ்கின மரங்கள் பட்டுப்போய் அப்படியே நின்னுருச்சு. நூத்தி முப்பது வருசமா நிக்கிறது அதுதான். அந்த ஏரியைச் சுத்தித்தான் பின்னாடி சரணாலயம் வந்துச்சு, 1978-ல புலிகள் காப்பகம் ஆச்சு. யானை தண்ணி குடிக்கிறதை நாம படகுல உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்தத் தண்ணியே நெல்லுக்காகத் தேக்கினது.

ஏரியிலிருந்து மலையைக் குடைஞ்சு ஒரு மைலுக்கு மேல சுரங்கம் போகுது. தண்ணி 104 அடிக்குக் கீழ இறங்கினா எங்களுக்கு ஒரு சொட்டு வராது. வந்தா, லோயர் கேம்ப்ல கரண்ட் எடுத்துட்டு ஆத்துல விடுவாங்க. குமுளி மலைப்பாதையில வண்டியை நிறுத்தி ராட்சசக் குழாய்களைப் படம் எடுக்கிறவங்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் குழாய்க்குள்ள போறது இந்தத் தண்ணிதான். கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பி இருக்கு. அதுல ஒன்றரை ஏக்கர் என்னோடது. மிச்சத் தண்ணி வைகை அணைக்குப் போய் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் பாயுது.

1979-ல பாதுகாப்புன்னு சொல்லி 136 அடியாக் குறைச்சதும், கோர்ட்டுக்குப் போய் 2014-ல 142 அடி தேக்கலாம்னு தீர்ப்பு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்த நவம்பர்ல 142 அடி தொட்டப்ப எங்க ஊர்ல வெடி போட்டாங்க. நான் போடல. அணைக்குக் கீழ குடியிருக்கிறவனுக்கும் பிள்ளைக்குட்டி இருக்கு, அவன் பயத்தை நாம கேலி பண்ணக் கூடாது. அதுக்காகத் தண்ணி வேணாம்னும் சொல்ல முடியாது.

தேக்கடிக்குப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். படகுல மிதவைச் சட்டையைக் கழட்டாதீங்க. யானை தெரிஞ்சா கேமராவோட எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க. 2009 செப்டம்பர் 30-ல படகு கவிழ்ந்து 45 பேர் செத்தது இதே ஏரியிலதான். நல்ல படம் வேணும்னா தண்ணி குறைஞ்ச கோடையில விடியக்காலம் போங்க. மரம் நிறையத் தெரியும். சொல்ல மனசு இல்லாமத்தான் சொல்றேன்.

2017-ல முதல் போகத்துக்கு ஜூன்ல எங்களுக்குத் தண்ணி வரல. நாத்தங்கால் உழுதது உழுதபடி கிடந்தது. மாட்டுக்கு வைக்கோலும் காசுக்குத்தான் வாங்கினேன். மாப்ள அன்னைக்கு எடுத்த படம் ஒண்ணைப் பெரிசாப் போட்டு அனுப்பிச்சான். அதுவும் வீட்ல மாட்டியிருக்கு, பென்னி குயிக் படத்துக்குப் பக்கத்துல.

இந்த வருசமும் வர்றேன்னு போன் பண்ணினான். முதல் கேள்வியே, "மாமா, மரம் தெரியுதா?"

"முக்காவாசி முங்கிருச்சு மாப்ள. நாத்து விட்டாச்சு."

"அப்ப சரி மாமா, அடுத்த வருசம் பார்த்துக்குவோம்"னு சொல்லிட்டான்.