சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் ஆலயத்தையும், அதனை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரையும், பின்னர் அக்கோட்டைக்காகத் தம்முள் பொருத ஒல்லாந்தரையும் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் விரித்துரைத்துவிட்டு, சீனன்குடாக் காட்டினுள் நிற்கும் இரும்புக் குதங்களை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் கதியை நிர்ணயித்தவை அக்குதங்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிலக்கரியால் ஓடிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள், 1911இல் வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படை அமைச்சரான பின்னர், வேகமாக எண்ணெய்க்கு மாறின. கரி பிரித்தானிய மண்ணிலேயே கிடைத்தது. எண்ணெயோ பாரசீகத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. 1914இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பங்கைப் பிரித்தானிய அரசாங்கமே வாங்கியதற்கு இதுவே காரணம். எண்ணெய் கைக்கு வந்தபின்னும், சிங்கப்பூர் வரை நீண்ட சமுத்திர மார்க்கத்தில் கப்பல்கள் இளைப்பாறி எரிபொருள் நிரப்பிக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? ஆழமும் பாதுகாப்பும் ஒருங்கே வாய்ந்த இத்துறைமுகத்தின் அருகே, 1920களில் தொடங்கி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்க நூறு வரையான குதங்கள் எழுந்தன.

சேமித்த நிதியே சத்துருவை அழைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, கடற்படைத் தளபதி நகுமோவின் தலைமையில் வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முன்னெச்சரிக்கை கிடைத்து முதல்நாளிரவே வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. விமானமொன்று குதமொன்றின் மீது வீழ்ந்து வெடிக்க, அத்தீ ஏழு நாள் அணையாது எரிந்தது என்று ஊரார் இன்றும் சொல்வர். பாலையும் வீரையும் அடர்ந்த அக்காட்டில், வெப்பத்தால் உருகிச் சரிந்து மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும் அந்த இரும்புத் தகடுகளைக் கண்டோர்க்கு அதை ஐயுறத் தோன்றாது.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தனர். குதங்கள் பின்னர் இலங்கை அரசுக்கு உரிமையாயின. ஆனால் ஒரு பேரரசின் கப்பற்படைக்கென அமைந்த கொள்ளளவை இச்சிறு தீவின் தேவை எவ்வாறு நிரப்பும்? பெரும்பாலானவை வெறுமையாகித் துருவேறக் காடு சூழ்ந்தது. 1987 யூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இக்குதங்களைச் சீரமைத்து இரு நாடுகளும் கூட்டாக நடத்துவதென்று பிரஸ்தாபிக்கப்பட்டது. உள்நாட்டு யுத்தம் அதற்குக் குறுக்கே நின்றது. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி வந்தது. 2022 சனவரி ஒப்பந்தத்தின்படி, எஞ்சிய 99 குதங்களுள் 14 அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருசாராரின் கூட்டு நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன.

சீரமைப்புக்கென அக்காட்டினுள் செல்லும் பொறியியலாளர்கள், எரிந்துபோன அந்தக் குதத்தின் தகடுகளைப் பழைய இரும்பென்று எடைக்குப் போட்டுவிடாமல், கிடந்தபடியே வேலியிட்டுக் காக்க வேண்டும்.