சுண்ணாம்பு தடவிய கலயம்

நண்பர்கள் நாலு பேர் சாயங்காலம் ஒன்றாகக் குடிக்கப் போகிறார்கள் என்றதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? சொல்ல வேண்டாம், தெரியும்! டாஸ்மாக் பார், பிளாஸ்டிக் டம்ளர், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரம்.

ஜப்பான்காரரைக் கேட்டால் ‘இஸகாயா’ என்பார். ‘இ’ என்றால் இருப்பது. ‘ஸகாயா’ என்றால் மதுக்கடை. இருந்து குடிக்கிற கடை! டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், மது வாங்க வந்தவர்கள் கடையிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். தொட்டுக்கொள்ளவும் ஏதாவது கொடுத்தார் கடைக்காரர். அப்படி வளர்ந்ததுதான் இது. இன்றும் பல கடைகளின் வாசலில் சிவப்புக் காகித விளக்கு. உட்கார்ந்ததுமே, கேட்காமலே ஒரு சின்னத் தட்டில் தின்பண்டம் வரும் (அதற்கும் பில் உண்டு!). ஒரு மரியாதையும் உண்டு: உங்கள் கோப்பையில் நீங்களே ஊற்றிக்கொள்வது அழகல்ல. பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும், அவருக்கு நீங்கள்.

நமக்கு இது புதுசா என்ன? அதியமான் இறந்தபோது ஔவை அழுது பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவானே, நிறைய இருந்தால் கூட உட்கார்ந்து குடிப்பானே என்று புலம்புகிறாள். குடியில்கூட நட்பைத்தான் பார்த்திருக்கிறாள்!

அப்புறம் என்ன ஆச்சு? தெரிந்துகொள்ள அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டிப் பக்கம் வாருங்கள். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினாலும் பனை ஏமாற்றாது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். ஒரே மரம், ஒரே பாளை. ஒன்று தெருவில் விற்கலாம். இன்னொன்றுக்குப் போலீஸ் வரும். வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு!

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுக்க வந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். 1971-ல் கடை திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. மது திரும்பி வந்தது. வரி மட்டும் போகவே இல்லை! 1987-ல் கள்ளுக்கு மறுபடி தடை. அது இன்றும் நீடிக்கிறது. 2003-ல் பாட்டில் விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது.

மதுவிலக்கு வீண் என்று சொல்ல வரவில்லை. கூலி நாளில் வெறுங்கையோடு வரும் புருஷனுக்காக வாசலில் காத்திருந்த பெண்களுக்கு, கடை மூடிய அந்த நாட்கள் தீபாவளி. அதை மறந்துவிட்டு இஸகாயாவுக்கு ஏங்குவது நியாயமில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பக்கத்துக் கேரளத்தில் சில கள்ளுக்கடைகளுக்குக் கப்பையும் மீன்கறியும் சாப்பிடவே குடும்பத்தோடு போகிறார்கள். நாமோ கடையைத் திறப்பதா, மூடுவதா என்றே இத்தனை வருஷமும் சண்டை போட்டோம். குடிப்பவன் எப்படி, யாரோடு, எவ்வளவோடு எழுந்திருக்க வேண்டும் என்று பேசவே இல்லை.

கொஞ்சமாக இருந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவது... அந்தக் கணக்கு அதியமானுக்குத் தெரிந்திருந்தது.