சிறு அலுவலகங்களில் தொலைவழிக் கணினி மேலாண்மை

ஓரிடத்தில் இருந்துகொண்டே வலையமைப்பிலுள்ள மற்றக் கணினிகளில் மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, கோளாறுகளைச் சரிசெய்வது ஆகியவை தொலைவழிக் கணினி மேலாண்மை எனப்படும். சிறு அலுவலகங்களைப் பொறுத்தவரை இதன் வரலாறு பெரும்பாலும் விண்டோஸின் வரலாறு.

இதன் வேர் அதற்கும் முந்தையது. 1970களின் இறுதியில், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஜான் ஷாக், ஜான் ஹப் இருவரும் ஒரு நிரல் எழுதினார்கள். ஈதர்நெட்டில் இணைந்த ஆல்ட்டோ கணினிகளில் சும்மா கிடப்பவற்றைத் தேடிப்பிடித்து, அது தானாகவே அவற்றில் ஏறி இயங்கும். ஓர் இரவு அதை ஓடவிட்டுப் போனவர்கள் மறுநாள் வந்து பார்த்தபோது, கட்டடம் முழுக்கக் கணினிகள் முடங்கிக் கிடந்தன. எல்லாவற்றையும் நிறுத்தும் கட்டளையையும் முன்பே எழுதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். தொலைவிலிருந்து நிரலை ஏற்றும் வழிதான் தீநிரல் பரவும் வழியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1994இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர் பெரிய நிறுவனங்களுக்கானது. அதற்கென்று தனியாக ஒரு எஸ்க்யூஎல் தரவுத்தளமே வேண்டும். பத்துக் கணினி வைத்திருந்தவர்கள் சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார்கள். விண்டோஸ் 2000உடன் வந்த குரூப் பாலிசி, கணினி தொடங்கும்போதே மென்பொருளை நிறுவும் வசதியைத் தந்தது. ஆனால் கணினிகளை ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில் வைக்கும் டொமைன் இருக்க வேண்டும், மென்பொருளும் எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பு வடிவில் இருக்க வேண்டும். செட்டப் கோப்பாக மட்டுமே கிடைத்த மென்பொருள்களுக்கு அது உதவவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது மார்க் ருசினோவிச் எழுதிய பிஎஸ்எக்செக் என்ற சிறு இலவசக் கருவி. எதிர்முனைக் கணினியில் முன்கூட்டி எதையும் நிறுவத் தேவையில்லை. நிர்வாகிக்காக மறைவாகப் பகிரப்பட்டிருக்கும் விண்டோஸ் கோப்புறைக்குள் அது ஒரு சிறு நிரலை நகலெடுத்து வைக்கும்; அதைப் பின்னணியில் இயங்கும் சர்வீஸாக ஓடவைக்கும்; கேட்ட கட்டளையை அதன் வழியாக நிறைவேற்றி, விடையை அழைத்தவர் திரைக்கே கொண்டுவரும். முக்கியமாகத் தேவையானது நிர்வாகி பாஸ்வேர்டு. டொமைன் இல்லாத அலுவலகங்களில் வேலை சுலபமாக நடக்க, எல்லாக் கணினிக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்தார்கள். வசதிதான், ஆனால் ஒன்று கசிந்தால் அத்தனையும் போச்சு. 2017 ஜூனில் உக்ரைனின் எம்.இ.டாக் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியே நுழைந்த நாட்பெட்யா என்ற தீநிரல், உள்வலையில் பரவப் பயன்படுத்திய கருவிகளில் பிஎஸ்எக்செக்கும் ஒன்று.

புதுப்பிப்புகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் பிளாஸ்டர் என்ற, தானாகவே பரவும் தீநிரல் புழுவுக்குப் பெரிய பங்குண்டு. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2003 ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. புழு வந்தது ஆகஸ்ட் 11 அன்று. இடையிலிருந்த 26 நாட்களில் திருத்தத்தைப் போடாத கணினிகள் அடிவாங்கின. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கம் வந்தது. அவற்றை ஒரே சர்வரில் இறக்கி உள்வலையில் விநியோகிக்கும் டபிள்யூசஸ் 2005இல் வெளியானது. 75 பேர் வரையுள்ள அலுவலகங்களுக்கான ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003இன் மறுபதிப்பில் அதுவும் சேர்ந்தது.

பிறகு பல சிறு நிறுவனங்கள் இந்த வேலையை வெளியாட்களிடம் ஒப்படைத்தன. ஒரு சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களின் கணினிகளில் ஏஜென்ட் எனப்படும் நிரலைப் போட்டு, ஒரே திரையிலிருந்து பார்த்துக்கொள்ளும். இத்துறையில் சென்னைக்கும் இடமுண்டு: ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு உருவாக்கிய டெஸ்க்டாப் சென்ட்ரல் (இன்று எண்ட்பாயின்ட் சென்ட்ரல்) பல நாடுகளில் பயன்படுகிறது. அதிலிருந்த ஓர் ஓட்டை 2020இல் தாக்குதலுக்குப் பயன்பட்டது.

2021 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் கசேயா நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருளிலிருந்த ஓட்டை வழியே ரெவில் கும்பல் பணம் பறிக்கும் நிரலைப் பரப்பியது. புதுப்பிப்பு என்ற பெயரில் வந்ததை ஏஜென்ட்கள் நிறுவிக்கொண்டன. கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்களில் பாதிக்கப்பட்டவர்கள் 60க்கும் குறைவு. அவர்கள் வழியாகச் சிக்கிய நிறுவனங்கள் 1,500 வரை. சுவீடனில் பணப்பெட்டிகள் இயங்காமல், கூப் அங்காடிகள் ஏறத்தாழ 800 மூடப்பட்டன.

டபிள்யூசஸில் இனி புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆனாலும் விண்டோஸ் சர்வர் 2025இலும் அது இடம்பெற்றிருக்கிறது.